வெளிநாட்டில் இருந்துகொண்டு யூடியூப் சேனல் தொடங்க நினைக்கிறேன், எதிலிருந்து ஆரம்பிப்பது?

மாடிச்சாளரம்:

எல்லோருக்கும் வணக்கம். கணவரின் வேலைக்காக வெளிநாட்டுக்குக் குடிவந்தவள் நான், டிபெண்டன்ட் விசாவில் இருக்கிறேன். வீடு பார்த்தது, வங்கிக் கணக்கு திறந்தது, டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியது, பையனைப் பள்ளியில் சேர்த்தது என்று எல்லாவற்றையும் இங்கே வந்து விழுந்து எழுந்துதான் தெரிந்துகொண்டேன். இப்போது இந்த ஊருக்கு வரப்போகிறவர்கள் யார் யாரோ என் நம்பரை வாங்கி வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்கிறார்கள். நானும் நீள நீளமாக வாய்ஸ் நோட் அனுப்புகிறேன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு வீடியோவாகப் போட்டுவிடேன் என்று தோழி ஒருத்தி சொன்னாள், அன்றிலிருந்து அந்த யோசனை மனதை விட்டுப் போகவில்லை.

கையில் இருப்பது ஒரு போன், அவ்வளவுதான். கேமரா வாங்க வேண்டுமா? தமிழில் பேசுவதா ஆங்கிலத்திலா? இந்த விசாவில் இருந்துகொண்டு சேனல் நடத்தினால் பிரச்சினை வருமா? பணம் வந்தால் சந்தோஷம், ஆனால் அதைவிட எனக்கென்று ஒரு வேலை வேண்டும் என்ற தவிப்புதான் பெரிது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வரவுசெலவு:

சகோதரி, கேமராவை அப்புறம் பார்க்கலாம், முதலில் விசா. வீடியோ போடுவது வேறு, அதில் வருமானம் பார்ப்பது வேறு. பொழுதுபோக்காக வீடியோ போடுவதைப் பெரும்பாலும் யாரும் கேட்கப் போவதில்லை. விளம்பரப் பணமோ ஸ்பான்சர் பணமோ வர ஆரம்பித்தால்தான் அது வேலையா, சுயதொழிலா என்ற கேள்வி எழும். சில நாடுகளில் டிபெண்டன்ட் விசாவிலேயே வேலை செய்யலாம், சில நாடுகளில் தனி அனுமதி வாங்க வேண்டும், சில இடங்களில் ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்யலாம், சுயதொழில் மட்டும் கூடாது. உங்கள் அனுமதிக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், குடியேற்றத் துறையின் இணையதளத்தைப் படியுங்கள், அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் ஒரு வக்கீலிடம் ஒரு தடவை கட்டணம் கட்டியாவது கேட்டுவிடுங்கள். பணம் சொந்த நாட்டு வங்கிக்குத்தானே போகிறது, இங்கே யாருக்குத் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள். நீங்கள் எந்த நாட்டில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்கிறீர்கள் என்பதைத்தான் பல நாடுகள் பார்க்கின்றன.

இன்னொன்று, ஆட்சென்ஸ் கணக்கு, அதாவது யூடியூப் விளம்பரப் பணம் நமக்கு வந்து சேரும் கூகுள் கணக்கு. நீங்கள் இப்போது வசிக்கும் நாட்டின் பெயரிலேயே திறவுங்கள். ஒருமுறை போட்ட நாட்டை அதில் மாற்ற முடியாது, பிற்பாடு நாடு மாறினால் புதுக் கணக்கு திறந்து சேனலோடு இணைக்க வேண்டியிருக்கும். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் நீங்கள் கொடுத்த முகவரிக்குத் தபாலில் ஒரு பின் நம்பர் வரும், அதைப் போட்டால்தான் முகவரி உறுதியாகும். வாடகை வீட்டுத் தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் வங்கிக்கு வரும். அமெரிக்க வரிப் படிவம் ஒன்றும் கேட்பார்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். நிரப்பாவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடித்துக்கொள்ள வழி இருக்கிறது. நிரப்பினால் அமெரிக்காவிலிருந்து பார்ப்பவர்களால் வரும் பங்குக்கு மட்டும்தான் பிடித்தம். அதில் வரி ஒப்பந்தம் பற்றிய இடத்தில் நீங்கள் எந்த நாட்டுக்கு வரி கட்டும் குடியிருப்பாளர் என்று கேட்பார்கள். பாஸ்போர்ட் எந்த நாடு என்பது அங்கே பேச்சே இல்லை. பலர் குழம்புவது இங்கேதான்.

ஒலிப்பெட்டி:

கேமரா வேண்டாம், போனே தாராளம். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் காலரில் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு தெளிவாக இல்லையென்றால் அடுத்த நொடியே வேறு வீடியோவுக்குப் போய்விடுவார்கள். புதிதாகக் குடிவந்த வீடு என்றால் பாதி காலியாகத்தான் இருக்கும், வெறும் சுவரில் குரல் மோதி எதிரொலிக்கும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்தபடி பேசுங்கள், இல்லையென்றால் கட்டில் இருக்கும் அறையில் உட்காருங்கள், பின்னால் ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள். வித்தியாசம் உடனே காதுக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பலர் கவனிக்காத ஒரு விஷயம், வீட்டு விளக்கு வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் கோடு கோடாக ஓடுவது. போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள். போனில் ஒரு குறையும் இல்லை. மின்சாரம் சில நாடுகளில் 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60. 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் விளக்கு வினாடிக்கு 100 முறை கூடிக் குறையும், அங்கே 30 பிரேமில் (வினாடிக்கு 30 படம்) எடுத்தால் சில விளக்குகளின் அடியில் அந்தத் துடிப்பு படத்தில் விழும். 25 பிரேமுக்கு மாற்றி, ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரம்) 1/50 வினாடி என்று வையுங்கள், சரியாகிவிடும். 60 ஹெர்ட்ஸ் நாடு என்றால் 30 பிரேம், 1/60. ஐபோனில் 25 பிரேம் முதலில் கண்ணில் படாது, செட்டிங்ஸில் கேமரா, ரெக்கார்டு வீடியோ போய் PAL ஃபார்மட்டைக் காட்டச் சொன்னால் வரும். இதெல்லாம் தலைவலி என்றால் பகலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து எடுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும்.

நெடுவழி:

மேலே இருவரும் சொன்னது அத்தனையும் உண்மை, ஆனால் சேனல் நிற்பதும் விழுவதும் வேறொரு இடத்தில் என்று நினைக்கிறேன். யாருக்காகப் பேசுகிறீர்கள்? வெளிநாட்டில் இருந்து தொடங்கும் பெரும்பாலானோர் இதை முடிவு செய்யாமலே இறங்கிவிடுகிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ஊரைச் சுற்றிக் காட்டுவது ஒரு வகை. கிளம்பப் போகிறவருக்கு வழி சொல்வது இன்னொரு வகை. ஏற்கெனவே வந்து உங்களைப் போலவே தனியாக இருப்பவருக்குத் துணையாகப் பேசுவது மூன்றாவது. மூன்றும் வேறு வேறு ஆட்கள். முதல் வாரம் கடைத்தெரு, அடுத்த வாரம் விசா விளக்கம், அதற்கடுத்து உங்கள் மனநிலை என்று போட்டால் ஒன்றுக்கு வந்தவர் அடுத்ததற்கு வரமாட்டார்.

உங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை தோழி. கேள்விகள் வாட்ஸ்அப்பில் தயாராக இருக்கின்றன, கேட்பவர்கள் கிளம்பப் போகிறவர்கள். அந்த மெசேஜ்களைத் திறந்துவைத்து, அவர்கள் எந்த வார்த்தைகளில் கேட்டார்களோ அதே வார்த்தைகளில் தலைப்பு வையுங்கள், ஏனென்றால் யூடியூபில் தேடுபவரும் அப்படித்தான் தேடுவார். மொழிக்கும் பதில் அதிலேயே இருக்கிறது, உங்களிடம் தமிழில்தானே கேட்கிறார்கள்? விளம்பர வருமானம் பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும், அதனால் ஆங்கிலத்தில் பேசினால் பணம் அதிகம் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி, சரளமாக வராத மொழியில் தயங்கித் தயங்கிப் பேசிக் களைத்துப் போகாதீர்கள்.

அப்புறம் ஆரம்பம். "வணக்கம் நண்பர்களே, என் சேனலுக்கு உங்களை வரவேற்கிறேன், சப்ஸ்கிரைப் பண்ணுங்கள், பெல் பட்டனை அழுத்துங்கள்" என்று தொடங்காதீர்கள். யூடியூப் ஸ்டூடியோவில் யார் எத்தனை நொடி பார்த்தார்கள் என்று ஒரு வரைபடம் இருக்கிறது, அதில் கோடு சரிவது இந்த வரவேற்பு ஓடும்போதுதான். வாடகை வீடு பற்றிய வீடியோ என்றால் ஒப்பந்தத் தாளைக் கையில் பிடித்து, "இதில் இந்த ஒரு வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் முன்பணம் திரும்பி வராமல் போகலாம்" என்று ஆரம்பியுங்கள். பெயர் அப்புறம் சொன்னால் போதும். அந்தத் தாளில் உள்ள முகவரியும் கையெழுத்தும் மட்டும் கேமராவில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரல்நுனி:

இவ்வளவு யோசித்தால் யாருமே தொடங்க மாட்டார்கள். ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்களைப் போடுங்கள், இப்போது 3 நிமிடம் வரை போகலாம். அதில்தான் சீக்கிரம் ஆட்கள் சேருவார்கள்.

நெடுவழி:

விரல்நுனி சொல்வதுபோல கூச்சம் விலக ஷார்ட்ஸ் நல்ல பயிற்சி, மறுக்கவில்லை. ஆனால் வருமானக் கணக்கைத் தெரிந்துகொண்டு போடட்டும். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும், கூடவே கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வைகள். ஷார்ட்ஸ் ஃபீடில், அதாவது விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் வரிசையில், பார்க்கும் நேரம் அந்த 4,000 மணியில் சேராது. பங்கும் வேறு, நீள வீடியோவுக்கு 55 சதவீதம், ஷார்ட்ஸுக்கு 45. ரசிகர்கள் நேரடியாகக் கொடுக்கும் மெம்பர்ஷிப் போன்றவை மட்டும் 500 சப்ஸ்கிரைபர்களிலேயே திறக்கும், அதற்கும் 90 நாளில் 3 வீடியோ போட்டிருக்க வேண்டும், கூடவே 12 மாதத்தில் 3,000 மணி நேரமோ, 90 நாளில் 30 லட்சம் ஷார்ட்ஸ் பார்வைகளோ வேண்டும். வங்கிக் கணக்கு திறப்பதை விளக்கும் ஒருவரை நம்பி ஒருவர் அதைச் செய்யப்போகிறார் என்றால், அவரோடு எட்டுப் பத்து நிமிடமாவது உட்கார வேண்டும். அந்த நம்பிக்கை ஷார்ட்ஸில் அவ்வளவு சுலபமாக வராது.

மாடிச்சாளரம்:

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. விசா விஷயத்தை இந்த வாரமே விசாரித்துவிடுகிறேன், அனுமதி தெளிவாகும் வரை வருமானத்துக்கு விண்ணப்பிக்க மாட்டேன். இன்னொரு கவலை. வீட்டையும் பையனையும் காட்டுவதில் கணவருக்கு இஷ்டமில்லை. ஆனால் குடும்பத்தைக் காட்டினால்தான் பார்ப்பார்கள் என்று பலர் சொல்கிறார்கள்.

தாழ்வாரம்:

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி என்பேன், நானும் குழந்தைகளோடு வெளிநாட்டில் இருப்பவள். பெரியவனாகும்போது உங்கள் பையனே அந்த வீடியோவைத் தேடிப் பார்ப்பான், அவன் கூடப் படிப்பவர்களும் பார்ப்பார்கள். இப்போது சம்மதம் கேட்டாலும் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அவனுக்குப் புரியும் வயதில்லை. முகம் மட்டுமில்லை, பள்ளிச் சீருடை, பையில் எழுதிய பெயர், வாசல் எண், கார் நம்பர், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம் இவை சேர்ந்தால் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். பயண வீடியோவைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று நாமே ஊருக்கு அறிவிக்க வேண்டாம். போர்டிங் பாஸைக் கேமரா முன் காட்டவே காட்டாதீர்கள், அந்தப் பார்கோடில் உங்கள் பெயரும் முன்பதிவு எண்ணும் இருக்கிறது. தெருவில் எடுக்கும்போது அடுத்தவர் முகம் விழுந்தால் அதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, மருத்துவமனையிலும் பள்ளியிலும் கேமராவை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது.

கணக்குப் பாதுகாப்பும் முக்கியம். பழைய நாட்டு போன் நம்பரில் கூகுள் கணக்கு இருக்கிறதா? அந்த சிம் காலாவதியானால் ஓடிபி வராது, சேனலே கைவிட்டுப் போகலாம். இன்றே புது நம்பருக்கு மாற்றி, போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதிவையுங்கள். ஸ்பான்சர் தருகிறோம், இந்த ஃபைலைத் திறந்து பாருங்கள் என்று மெயில் வந்தால் திறக்காதீர்கள். அப்படித்தான் பல சேனல்களைத் திருடுகிறார்கள், அந்த ஃபைல் பிரவுசரில் நீங்கள் லாகின் செய்திருப்பதையே களவாடிவிடும், பாஸ்வேர்டு கூடத் தேவைப்படாது.

மாடிச்சாளரம்:

போன் நம்பரைப் பார்த்தேன், பழைய நம்பர்தான் இருந்தது. இப்போது மாற்றிவிட்டேன், ரொம்ப நன்றி அக்கா. முதல் வீடியோ, வந்த முதல் வாரத்தில் என்னென்ன காகிதங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது. என்னிடம் அதிகம் பேர் கேட்பது அதுதான். நான் மட்டும் பேசுகிறேன், மேஜையும் கைகளும் தாள்களும் தெரிந்தால் போதும் என்று முடிவு.

ஒலிப்பெட்டி:

அப்படியென்றால் போனை மேலிருந்து மேஜையைப் பார்த்து மாட்டுங்கள். தாள்களைப் புரட்டும் சத்தம் மைக்கில் பேச்சைவிடப் பெரிதாகக் கேட்கும், அதனால் குரலைத் தனியாகப் பதிவு செய்து அப்புறம் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னணி இசை வேண்டுமென்றால் யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவசமாக இருக்கிறது. சினிமாப் பாட்டு மட்டும் வேண்டாம், உரிமைக் கோரிக்கை வந்தால் அந்த வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போய்விடும். போட்டதும் இங்கே லிங்க் கொடுங்கள், பார்த்துவிட்டு ஒலி எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.