ஊட்ஜெரு நூனக்கல் கவிதை தமிழில் வந்திருக்கிறதா?

மதுரையில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதக் கடைசியில் ஆஸ்திரேலியப் பழங்குடிக் கவிதைகள் பேசப்போகிறோம். வருபவர்களில் பாதிப் பேர் ஆங்கிலம் வாசிக்காதவர்கள். தமிழாக்கம் எதுவும் கையில் சிக்கவில்லை.

குறிப்பாகத் தேடுவது ஊட்ஜெரு நூனக்கலின் ‘வீ ஆர் கோயிங்’. 1964இல் வந்த தொகுப்பின் தலைப்புக் கவிதை. சடங்கு வட்டம் இருந்த இடத்தில் குப்பை கொட்டலாம் என்று பலகை நிற்கிறது. அந்த மண்ணுக்கு உரியவர்களே அங்கே அந்நியர்கள்போல வந்து நிற்கிறார்கள். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற காலனியக் கட்டுக்கதையை ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றம் மாபோ வழக்கில் நிராகரித்தது 1992இல்தான். கவிதை அதற்கு எவ்வளவு முன்னால் என்று பாருங்கள்!

நூலகப் பட்டியல்கள், பழைய புத்தகக் கடைகள், இணையத்தில் உள்ள சிற்றிதழ்கள் எல்லாம் பார்த்தாயிற்று. தொகுப்பு வந்தபோது அவர் பெயர் கேத் வாக்கர். அந்தப் பெயரிலும் தேடினேன். ஆப்பிரிக்கக் கவிதைகள்தான் வருகின்றன. கணினி மொழிபெயர்ப்பையும் முயன்றேன், சரி, அதை வாசித்தால் கூட்டம் கலைந்துவிடும்.

இந்தக் கவிதையின் தமிழாக்கத்தை எந்த இதழிலாவது தொகுப்பிலாவது பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?