கலைச்சொல் வேண்டும்: ‘சர்ஃபேஸ் ரைட்ஸ்’

தண்டையார்பேட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாலை வகுப்பில் அடுத்த வாரம் சுரங்கச் சட்டம். கோலார் தங்கவயலை உதாரணமாக வைத்துப் பாடக்குறிப்பு எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை ஜெராக்ஸுக்குக் கொடுத்தாக வேண்டும். தங்கம் எடுக்கக் குத்தகை கையில் இருந்தாலும், மேலே கேழ்வரகு விதைத்திருப்பவர் நிலத்தில் பாதை போட, ஷெட் கட்ட, மண் கொட்டத் தனி உரிமை வேண்டும். அதைத்தான் ‘சர்ஃபேஸ் ரைட்ஸ்’ என்கிறார்கள். ‘மேற்பரப்பு உரிமை’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. பரப்பு என்றால் கனமே இல்லாதது. இங்கே கேட்பதோ மண், மரம், கிணறு, வழி எல்லாம்.

பெரம்பூரிலிருந்து:

தம்பி, கைவசம் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் தேட வேண்டும்? பாண்டியர் செப்பேடுகளில் ‘காராண்மை மீயாட்சி உள்ளடங்க’ என்று நிலம் கொடுத்திருக்கிறார்கள். ‘மீ’ என்றால் மேல். ‘மீயாட்சி’ என்றே வைக்கலாம். இன்னொன்றும் பாருங்கள். சோழர் கல்வெட்டில் ‘மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்’ என்று வரும். மரம் மேலே போகிறது, கிணறு கீழே போகிறது, இரண்டும் ஒருவருக்கே. நிலத்தை மேல் கீழ் என்று பிரிக்காத மரபு நம்முடையது. ‘நிதி நிட்சேபம்’ (புதையல், புதைத்து வைத்த பொருள்) என்று பழைய கிரயப் பத்திரங்களில் வருவதும் அதே எண்ணம்தான், சொல் மட்டும் வடமொழி. மலபார் ஜன்ம நிலங்கள் (பரம்பரை முழு உடைமை நிலங்கள்) வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றமும், அடியில் உள்ள கனிமம் பொதுவாக நிலத்தின் உடைமையோடுதான் போகும் என்று சொன்னது.

ராயபுரத்திலிருந்து:

ஐயா சொன்ன மீயாட்சியில் ‘மீ’ நிலத்தின் மேல்பக்கம் அல்ல, மேலான உரிமை. காராண்மை உழுபவருடையது, மீயாட்சி அவருக்கும் மேலே இருப்பவருடையது. அதைக் கொண்டுவந்து இங்கே வைத்தால் அர்த்தம் தலைகீழாகப் போய்விடும். மேல்வாரம் (மேலே இருப்பவர் பங்கு), குடிவாரம் (உழுபவர் பங்கு) என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், அதுவும் இதே கதைதான்.

நான் ஜார்ஜ் டவுனில் பத்திரம் எழுதுகிறவன். எங்கள் வழக்கில் ‘பாத்தியதை’ என்றால் கிழவிக்கும் புரியும். ‘நிலமேல் பாத்தியதை’ என்று வையுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

பாத்தியதை தமிழ் இல்லை. ‘உரிமை’ இருக்கும்போது அது எதற்கு?

வியாசர்பாடியிலிருந்து:

அண்ணே, என் அப்பா கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கினவர். தரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. மேலே கண்ணுக்குத் தெரிந்தது ஷாஃப்ட் கோபுரம், மில், அப்புறம் தங்கம் பிரித்தபின் கொட்டிய சாம்பல் நிறச் சயனைடு மண்மேடுகள். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். மேடுகள் இன்னும் அங்கேயே கிடக்கின்றன, காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வரும். கீழே வேலை நின்றாலும் மேலே பிடித்த இடம் திரும்பவில்லை. அதனால் ‘பரப்பு’ என்று லேசாகச் சொல்வது எனக்கு உறுத்துகிறது. ‘தரைமேல் உரிமை’ என்றால் வகுப்பில் எவரும் இரண்டாவது தடவை கேட்கமாட்டார்கள்.

எண்ணூரிலிருந்து:

சொல்லைவிட முக்கியம், யாருடைய உரிமை என்பது. 1957ஆம் ஆண்டு கனிமச் சட்டத்தின் 24ஏ பிரிவு, இழப்பீட்டை நிலத்தின் மேற்பரப்பை அனுபவிப்பவருக்குக் கொடுக்கச் சொல்கிறது. பட்டாவில் பெயர் இருப்பவர் என்று சொல்லவில்லை. வாரத்துக்குப் பயிரிடுபவரும் அதில் வரலாம். இதைப் பாடக்குறிப்பில் கட்டாயம் சேருங்கள் அண்ணே.

எங்கள் பக்கம் எண்ணெய்க் குழாய் போன நிலங்களைப் பார்த்தாலே விளங்கும். 1962ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டப்படி நிலம் உங்களுடையதுதான், ஆனால் குழாய் போகும் இடத்தில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. அரசு எடுத்துக்கொள்வது பயன்படுத்தும் உரிமை மட்டும். சுரங்கத்துக்கும் ‘மேல்நிலப் பயன்பாட்டு உரிமை’ என்றால் பொருத்தமாக இருக்கும். ஆய்வுக்குத் துளை போட வருபவர்களுக்குக் கொடுப்பதை ‘நுழைவு அனுமதி’ என்று தனியாக வையுங்கள். இரண்டையும் கலந்தால், துளை போட விட்டதையே சுரங்கத்துக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

பெரம்பூரிலிருந்து:

மூன்று சீர் சொல்லைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மீயாட்சி வேண்டாம் என்றால் ‘மீநில உரிமை’. அதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. வியாசர்பாடித் தம்பி சொன்ன ‘தரைமேல் உரிமை’க்கு ராயபுரமும் எண்ணூரும் சரி என்று தனியாக எழுதியிருக்கிறார்கள், எனக்கும் அதுதான் வாயில் வருகிறது. அது முதலில் வரும் இடத்தில் ‘மேற்பரப்பு உரிமை’யையும் பக்கத்தில் எழுதுகிறேன், பாடப்புத்தகத்தில் பார்த்தவர்கள் குழம்பக்கூடாது. ‘நுழைவு அனுமதி’யைத் தனிப் பத்தியாகப் பிரித்துவிட்டேன், அனுபவிப்பவருக்கு இழப்பீடு என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘தரை’ வீட்டுக்குள்ளும் இருக்கிறது, ‘நிலம்’ அப்படி இல்லை. அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.