'முடிவிலி' வேண்டாம், 'செயவெச்சம்' போதும்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கில இலக்கணச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில், இன்ஃபினிட்டிவுக்கு ('டு கோ', 'டு கம்' போன்ற வினை வடிவம்) 'முடிவிலி' என்று மார்த்தாண்டத்து ஐயா எழுதியிருந்தார். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லைக் கணக்கு ஆசிரியர்கள் 'இன்ஃபினிட்டி'க்கென்று எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள். குலசேகரத்தில் நான் நடத்தும் டியூஷனில் சொல்லிப் பார்த்தேன். ஒரு பையன் எழுந்து வந்து, பலகையில் எட்டைப் படுக்கப்போட்டு வரைந்துவிட்டு உட்கார்ந்தான். லத்தீன் மூலத்திலும் இது ஆள், எண் முதலியவற்றால் வரையறுக்கப்படாத வினை என்றுதான் பொருள்படும். நமக்கு இது புதிதா என்ன? அவன் வர, அவள் வர, அவை வர. பாலும் இடமும் காட்டாமல் 'வர' அப்படியே நிற்கிறது. 'செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம்' என்று இலக்கணம் நீட்டிச் சொல்வதைச் 'செயவெச்சம்' என்று சுருக்கிக்கொள்வோம். வெறும் 'வினையெச்சம்' என்றால் 'வந்து', 'வந்தால்' எல்லாம் உள்ளே நுழைந்துவிடும்.

ஜெரண்டுக்கு ('ஸ்விம்மிங்' போலப் பெயராக நிற்கும் 'இங்' வடிவம்) 'வினைப்பெயரி' என்ற புதுச்சொல்லைத் தக்கலை டீச்சர் முன்வைத்தார். வழக்கமான 'தொழிற்பெயர்' என்றால் 'ஓட்டம்', 'கேடு' வரைக்கும் அதற்குள் வந்துவிடும், ஜெரண்டு அவ்வளவு பரந்ததன்று என்பது அவர் வாதம். நியாயமானதுதான். ஆனால் எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டத்தைப் பாருங்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறவர் செய்யும் வேலை 'பால் வெட்டு', அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுப்பது. 'நல்ல வெட்டு', 'மோசமான வெட்டு' என்போம். இங்கே 'வெட்டு' முழுப் பெயர், பெயரடை ஏற்கிறது. 'பட்டையை ஆழமாக வெட்டுதல்' என்று சொல்லிப் பாருங்கள். 'பட்டையை' என்று செயப்படுபொருள் வருகிறது, 'ஆழமாக' என்று வினையடை வருகிறது. (ஆழமாக வெட்டினால் மரம் கெட்டுவிடும் என்பது வேறு கதை.) பெயராக மாறிய பிறகும் வினையின் குணம் விடவில்லை. ஆங்கில ஜெரண்டும் இதே இனம். எனவே தொழிற்பெயர் என்றே சொல்வோம். டீச்சருக்கு இன்னும் குறை இருந்தால் 'வினைக்குணத் தொழிற்பெயர்' என்று அடை சேர்க்கலாம். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இப்படி நம் பெயர்களையே வைப்பதில் வகுப்பில் ஒரு லாபம் இருக்கிறது. 'போக விரும்பினான்', 'வாங்க முடிவு செய்தாள்' என்று தமிழில் செயவெச்சம் வந்தால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இன்ஃபினிட்டிவ். 'போவதைத் தவிர்த்தான்', 'நீந்துவதை ரசித்தாள்' என்று ஐ உருபோடு தொழிற்பெயர் வந்தால் பெரும்பாலும் ஜெரண்டு. 'எக்ஸ்பெக்ட்' மட்டும் காலை வாரும்: நாம் 'வருவதை' எதிர்பார்ப்போம், அவர்களோ 'டு கம்' என்பார்கள். 'ரிமெம்பர்' பாடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 'ரிமெம்பர் லாக்கிங்' என்றால் பூட்டியது நினைவிருக்கிறது. 'ரிமெம்பர் டு லாக்' என்றால் மறக்காமல் பூட்ட வேண்டும். ஆங்கிலம் இரண்டு வடிவங்களால் காட்டும் முன்பின்னைத் தமிழ் 'பூட்டியது' என்ற இறந்தகாலத்தாலேயே சொல்லிவிடுகிறது. இதைக் காட்டிய பிறகு பையன்கள் அந்த இடத்தில் தவறுவது குறைந்திருக்கிறது.

எச்சம் எழுவாயாகாதே என்று ஐயா கேட்பார். தமிழில் ஆகாதுதான். 'சொல்லுதல் யார்க்கும் எளிய' என்று வள்ளுவரும் தொழிற்பெயரையே எழுவாயாக்கினார். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இரண்டுமே நிற்கும். அதற்காக இன்ஃபினிட்டிவுக்கு இன்னொரு பெயர் தேட வேண்டியதில்லை.

மிஞ்சியிருப்பது 'டு'. பழைய ஆங்கிலத்தில் அது திசையையும் நோக்கத்தையும் காட்டியது. ஏறக்குறைய 'வெட்டுவதற்கு' என்பதில் உள்ள நம் 'கு' போல. நோக்கத்துக்கென்றே வான், பான், பாக்கு என்று தனி விகுதிகளும் நம்மிடம் இருந்தன. நன்னூல் அவற்றை வினையெச்சத்தில்தான் வைக்கிறது. எழுத்துத் தமிழில் அவை வழக்கொழிந்தன. களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குப் போனால் 'காணான் வந்நு' ('காண வந்தார்') என்று அந்த 'வான்' சாயலை மலையாளத்தில் இன்றும் கேட்கலாம். ஆகவே 'டு' உள்ளதை 'உருபேற்ற செயவெச்சம்' என்றும், 'கேன்', 'மஸ்ட்' முதலியவற்றின் பின் தனியே வருவதை 'உருபிலாச் செயவெச்சம்' என்றும் சொல்லலாமா என்று நினைத்தேன்.

அப்படி எழுதி முடித்த பிறகுதான் 'லுக் ஃபார்வர்டு டு மீட்டிங்' (சந்திப்பதை ஆவலோடு எதிர்பார்ப்பது) நினைவுக்கு வந்தது. அங்கே 'டு' உண்மையிலேயே உருபு, பின்னால் வருவது ஜெரண்டு. இரண்டையும் உருபு என்றால் பையன்கள் 'டு மீட்' என்றுதான் எழுதுவார்கள். எச்சத்தின் முன் வருவதை 'இடைச்சொல்' என்று பிரிக்கலாமா? டீச்சர் என்ன சொல்கிறார் என்று தெரியும் வரை பலகையில் 'செயவெச்சம்' மட்டும் எழுதப்போகிறேன்.