மெய்ஜி காலத்து வெண்கல யானை: கலையா, ஏற்றுமதிச் சரக்கா?

பழம்பொருள் பித்தன்: ஏலத்தில் ஒரு ஜப்பானிய வெண்கல யானை வந்திருக்கிறது. முதுகில் ஒரு புலி, காலடியில் இன்னொன்று. வயிற்றடியில் ‘சேயா’ முத்திரை. கேட்கலாமா?

கடுகு: வேண்டாம். மெய்ஜி காலத்தில் (1868–1912) மேலைநாட்டார் வீட்டுக் கூடத்துக்காக வார்த்துத் தள்ளிய சரக்கு. ஜப்பான் காட்டில் யானையும் கிடையாது, புலியும் கிடையாது! சேயா என்பதும் பட்டறை முத்திரைதான். அந்தப் பெயரில் எத்தனையோ யானைகள் சந்தையில் சுற்றுகின்றன.

நெட்டைநாரை: ஏற்றுமதிக்குச் செஞ்சா மட்டமா? 1876ல வாள் தரிக்கத் தடை வந்துச்சு. வாளுக்குக் கைக்காப்புத் தகடும் பூணும் செஞ்சவங்க பிழைப்பு போச்சு. அதுல பலர் இந்த மாதிரி அலங்காரப் பொருளுக்கு வந்தாங்க. உலோகச் சிற்பி சுசுகி சோகிச்சியோட பன்னிரண்டு பருந்துச் சிலைகளும் 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போனதுதான். இன்னைக்கு ஜப்பான் அரசே அதை முக்கியப் பண்பாட்டுச் சொத்துன்னு வெச்சிருக்கு. அதுவும் சரக்கா?

கடுகு: பருந்தைக் காட்டி யானையை விற்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். புலியின் வரிகள் மழுங்கிக் கிடக்கின்றன. வார்ப்பில் வந்ததோடு சரி, உளி படவே இல்லை.

நெட்டைநாரை: படத்தை வெச்சு உளியைச் சொல்லாதீங்க சார். துதிக்கைச் சுருக்கத்தை நகத்தால தடவிப் பார்க்கணும். தேய்ஞ்ச விளிம்புல செம்பு நிறம் தெரிஞ்சா வெண்கலம், சாம்பலா தெரிஞ்சா துத்தநாகம்.

மீனாட்சி: எங்க வீட்டுலயும் ஒரு சின்ன வெண்கல நண்டு இருக்கு, கன்னங்கரேல்னு. புளி போட்டு விளக்கலாமா?

கடுகு: ஐயோ அம்மா, வேண்டாம்! அந்தக் கருமை அழுக்காகவே இருக்காது. ரசாயனத்தில் பக்குவப்படுத்தி வரவழைத்த நிறம். விளக்கினால் பாதி மதிப்பு போய்விடும்.

நெட்டைநாரை: இதுல மட்டும் கடுகு சார் சொல்றது சரி. பித்தன், தந்தம் எதுல செஞ்சதுன்னு கேட்டீங்களா? பல யானைகளுக்கு நிஜத் தந்தமே வெச்சிருப்பாங்க. எல்லை தாண்டணும்னா சைட்டிஸ் (அழியும் உயிரினங்களோட வணிகத்தைக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி கேப்பாங்க. இந்தியாவுல தந்தம் வாங்கி விக்கறதே குத்தம்.

பழம்பொருள் பித்தன்: கேட்டுவிட்டேன். விற்பவர் “பழையது” என்று மட்டும் சொல்கிறார்.

கடுகு: அப்படியானால் விட்டுவிடுங்கள்.

நெட்டைநாரை: நிஜத் தந்தம் இல்ல, எலும்புன்னு எழுதிக் குடுத்தா சொல்லுங்க, நான் ஏலத்துல நிக்கறேன்.