சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை

கேள்வி

வணக்கம். எங்கள் சமையலறைச் சுவரில் பொருத்தியிருக்கும் 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் சில வாரங்களாகச் சரியாக இயங்கவில்லை. சுவிட்சைப் போட்டால் உறுமுகிறதே தவிர, இறக்கை அசைவதில்லை. கரண்டிக் காம்பால் ஒரு தள்ளு தள்ளிவிட்டால் மெதுவாகச் சுற்றத் தொடங்கி, சிறிது நேரத்தில் ஓரளவு வேகம் பிடிக்கிறது. ஆனால், அப்படிச் சுற்றும்போதும் புகை வெளியே போகாமல் சில நாட்களில் அடுப்பின் பக்கமே திரும்பி வருகிறது. இறக்கையைக் கழற்றிச் சோப்பு நீரில் ஊறவைத்துப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவியும் பயனில்லை. மோட்டார் எரிந்துவிட்டதா, இதையே சரிசெய்ய முடியுமா என்பதைத் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

கரண்டிக் காம்பை முதலில் கீழே வைத்துவிடுங்கள். இறக்கை திடீரென்று வேகம் பிடித்தால் காம்பு உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். உறுமல் கேட்கிறது என்றாலே காயிலுக்கு மின்சாரம் போகிறது என்றுதான் பொருள், ஆகவே மோட்டார் முழுவதும் எரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் சுற்றாமல் உறுமிக்கொண்டே இருக்க விட்டால் காயில் சூடேறி உண்மையிலேயே எரிந்துவிடும் என்பதால், பழுது பார்க்கும் வரை சுவிட்சைப் போடாதீர்கள்.

புகை திரும்பி வருவதாக நீங்கள் சொன்னதில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். இவ்வகை மோட்டாரில் இரண்டு காயில்கள் இருக்கும். அவற்றுள் ஒன்றுக்குக் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகம்) வழியாக மின்சாரம் செல்வதால்தான் எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்பது மோட்டாருக்குத் தீர்மானமாகிறது. கெப்பாசிட்டர் செத்துவிட்டால் மோட்டாருக்குத் திசையே கிடையாது. எந்தப் பக்கம் தள்ளிவிடுகிறீர்களோ அந்தப் பக்கம் சுற்றும். தவறான பக்கம் தள்ளிய நாட்களில் ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்திருக்கிறது.

மெயின் போர்டில் அந்த இணைப்பை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகு மோட்டாரின் பின்மூடியைத் திறந்து பாருங்கள். கெப்பாசிட்டரின் முனைகளை விரலால் தொடுவதற்கு முன், பழைய குண்டு பல்பு ஒன்றின் இரு வயர்களை அம்முனைகளில் சில நொடிகள் வைத்து, தேங்கியிருக்கும் மின்சாரத்தை வடித்துவிட வேண்டும். மேலே அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் மதிப்புக்கே புதியதை வாங்குங்கள். வோல்ட் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது.

இரண்டாம் பதில்

மேலே சொன்னது சரியே. ஆயினும் கெப்பாசிட்டர் வாங்க ஓடுவதற்கு முன், மின்சாரத்தை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் ஒருமுறை சுண்டிவிட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் பல சுற்றுகள் சுற்றித் தானாக மெல்ல நிற்க வேண்டும். அரைச் சுற்றிலேயே ஒட்டிக்கொண்டதுபோல நின்றால் கோளாறு தண்டைத் தாங்கும் புஷ்ஷில் இருக்கிறது. தாளிப்பில் எழும் எண்ணெய் ஆவி அதற்குள் புகுந்து, சூட்டில் இறுகி, நாளடைவில் வார்னிஷ் பூசியதுபோல் ஆகிவிடும். இறக்கையைக் கழுவியதால் மட்டும் அது போகாது.

தண்டை வெளியே எடுத்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்தப் பழுப்புப் படலம் நீங்கும்வரை துடையுங்கள். அது நன்றாக உலர்ந்த பிறகு, புஷ்ஷைச் சுற்றியுள்ள கம்பளி வளையத்தில் தையல் இயந்திர எண்ணெய் நான்கைந்து சொட்டு விட்டால் போதும். சமையல் எண்ணெயை மட்டும் விடாதீர்கள். என் வீட்டில் நானே ஒருமுறை அந்த அவசரப் புத்தியைக் காட்டினேன். அன்றைக்கு அழகாகச் சுற்றிய ஃபேன், சில மாதங்களில் முன்னைவிட மோசமாக இறுகிப்போனது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரண்டு கோளாறுகளுமே இருந்தன. கெப்பாசிட்டரில் 2.5 என்று அச்சிட்டிருந்தது, மல்டிமீட்டரில் 0.4 தான் காட்டியது. தண்டில் நீங்கள் சொன்ன பழுப்புப் படலம் நகத்தால் சுரண்டினாலும் வராத அளவுக்கு இறுகியிருந்தது. இரண்டையும் சரிசெய்த பின் சுவிட்சைப் போட்டதும் தானாகவே, முழு வேகத்தில், சரியான திசையில் சுற்றுகிறது. இருந்தாலும் வதக்கும்போது எழும் புகை முன்போல விரைவாக வெளியேறவில்லை. வெளிப்பக்கத்தில் உள்ள தகடுகளும் பாதிதான் திறக்கின்றன.

மூன்றாம் பதில்

அந்தத் தகடுகள் காற்றின் உந்துதலால் மட்டுமே திறப்பவை என்பதால், கீலில் சிறிது பிசுக்கு ஏறினாலும் தூக்க முடியாமல் தொங்கும். கழற்றி வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊறவையுங்கள் (தகடு அலுமினியமாக இருந்தால் சோடா வேண்டாம், சாதாரணச் சோப்பே போதும்).

சமையலின்போது சன்னல், கதவு எல்லாவற்றையும் மூடிவைக்கிறீர்களா? வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால், எவ்வளவு நல்ல ஃபேனும் வீணாகச் சுற்றும். ஃபேன் ஓடும்போது அதன் உள்பக்கக் கம்பிவலையில் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். கையை எடுத்தபின்னும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தாள் நழுவி விழுந்தால் கதவை நான்கு விரல் அளவுக்குத் திறந்து மறுபடியும் வையுங்கள். அப்போது நின்றால் ஃபேனில் குறையில்லை. ஃபேனுக்கு மிக அருகில் உள்ள சன்னலைத் திறக்காதீர்கள்; புதுக்காற்று அடுப்பைத் தொடாமலேயே நேராக ஃபேனுக்குள் போய்விடும். எதிர்ப்புறக் கதவே நல்லது.