புதுப்பிப்பு: எங்கள் ஜமக்காளக் கடையின் சந்தைப்படுத்தல் எந்த நிலையில் இருக்கிறது?

பவானியில் உள்ள எங்கள் ஜமக்காளக் கடையின் சந்தைப்படுத்தல் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை எப்படி அறிவது என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் பரிந்துரைத்த ஐந்து நிலை முதிர்ச்சி மாதிரியை வைத்தே பார்த்தோம். தோன்றியபோது செய்வது முதல் நிலை, பழகியதைத் தவறாமல் செய்வது இரண்டாவது, எழுதி வைத்த முறைப்படி யாரும் செய்ய முடிவது மூன்றாவது. பலனை அளப்பது நான்காவது, அளந்ததைக் கொண்டு திருத்துவது ஐந்தாவது. தீபாவளி விளம்பரமும் மொத்த வியாபாரிகளுக்கான ஜமக்காள மாதிரிகளும் தவறாமல் போனாலும், எல்லாம் அப்பாவின் நினைவிலேயே இருப்பதால் நாங்கள் இரண்டாம் நிலைதான். இப்போது பில் புத்தகத்தில் ‘யார் சொல்லி வந்தீர்கள்’ என்றொரு கட்டம் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலும் பழைய வாடிக்கையாளரின் உறவினர் பெயரே அதில் விழுகிறது. பவானி ஜமக்காளத்துக்கான புவிசார் குறியீட்டை (ஓர் ஊருக்கே உரிய பொருள் என்பதற்கான சட்டப் பதிவு) விளம்பரத்தில் பயன்படுத்த, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்வதே அடுத்த வேலை.