கார்க் நகரம்: படி ஏற முடியாத அம்மாவுடன் எங்கே போகலாம்?

நித்திலா:
டப்ளினில் வசிக்கிறேன். அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். வார இறுதியில் ரயிலில் கார்க் அழைத்துப் போக ஆசை. அம்மாவுக்கு மூட்டு வலி. அப்பாவுக்குக் கல்வெட்டு என்றால் உயிர். எல்லாரும் பிளார்னி கோட்டையைத்தான் சொல்கிறார்கள். கார் இல்லாமல் வேறு என்ன பார்க்கலாம்?

லீநதிக்கரை:
நான் கார்க்கிலேயே குடியிருப்பவள். முதலில் கோவ் துறைமுகத்துக்குப் போங்கள். கென்ட் நிலையத்திலிருந்து அரை மணிக்குள் ரயில் சேர்த்துவிடும். அம்மாவை வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வையுங்கள். ஃபோட்டா தீவைத் தாண்டியதும் தண்டவாளத்தை ஒட்டியே தண்ணீர் வரும். இறங்குமிடத்திலேயே, பழைய ரயில் நிலையக் கட்டடத்தில், புலம்பெயர்ந்தோர் வரலாற்றுக் காட்சியகம் இருக்கிறது. 1848 முதல் 1950 வரை அயர்லாந்தை விட்டுப் போன சுமார் 60 லட்சம் பேரில் 25 லட்சம் பேர் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் கப்பல் ஏறினார்கள். வெளியே கரையோரம் ஆனி மூர் சிலை. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதல் ஆளாகப் பதிவானவள் அவள்தான். தம்பிகள் இருவரும் உடன் நிற்கிறார்கள். ஒருவன் கடலைக் காட்டுகிறான், அவள் மட்டும் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய எந்தத் தாயும் அங்கே சற்று நிற்பாள். 1912 ஏப்ரல் 11 அன்று டைட்டானிக் கடைசியாக நின்றதும் இங்கேதான். மேலே தெரியும் தேவாலயத்துக்கு வழி செங்குத்து, டாக்சி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குக் கார்க் பல்கலைக்கழகத்தின் கல் தாழ்வாரம். ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்து வெட்டிய கற்கள் வரிசையாக நிற்கின்றன. எழுத்து கல்லின் முகத்தில் இல்லை, விளிம்பில். அந்த விளிம்பின் இருபுறமும் வெட்டிய கோடுகள்தான் எழுத்து. கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். பெரும்பாலும் இன்னாரின் மகன் இன்னார் என்ற செய்திதான். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் பழைமையான பெயர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைச்சாரல்:
பிளார்னியை அடியோடு விட வேண்டாம். முத்தமிட்டால் பேச்சு வன்மை வரும் என்று எல்லாரும் தேடிப் போகும் கல் கோட்டை உச்சியில் இருக்கிறது. குறுகலான சுழற்படி, அம்மாவுக்கு ஆகாது. ஆனால் கீழே தோட்டம் பெரியது, அழகானது. நகரிலிருந்து 215 எண் பஸ் போகிறது.

நித்திலா:
மிக்க நன்றி அக்கா. கார்க்கின் ஷாண்டன் தேவாலயக் கோபுரத்தில் நாமே மணி அடிக்கலாமாமே?

லீநதிக்கரை:
அடிக்கலாம். கயிறு இழுக்கும் இடம் முதல் தளத்தில்தான். உச்சிக்கு 132 படி. நீங்களும் அப்பாவும் ஏறுங்கள். எண்ணிட்ட கயிறுகளும் பாட்டுக்கு ஏற்ற எண் அட்டைகளும் இருக்கும், பார்த்துப் பார்த்து இழுக்க வேண்டியதுதான். அம்மா கீழே தெருவில் இருந்தே கேட்கட்டும், ஊருக்கே கேட்கும். நகர நடுவில் இருக்கும் உணவுச் சந்தையான இங்கிலீஷ் மார்க்கெட்டைச் சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள். ஞாயிறு விடுமுறை.